மாசியில் பார்த்த ஏரி

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா? நான் கேட்டதாகச் சொல்.

நீ கைப்பேசியில் அனுப்பிய செய்தியும் இரண்டு படங்களும் கிடைத்தன. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மாச்சாப் நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போடப் போயிருக்கிறாய். கரையோரம் சேறு வெடித்துக் கிடந்தது, காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தும் ஒரு செலுவாங் பொடிமீன் கூடக் கண்ணில் படவில்லை, "ஏரி செத்துப்போச்சு மாமா" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. நண்பன் ஒருவனிடம் பேட்டரியும் கம்பியும் இருக்கிறதாம். கரண்டு வைத்தால் அடியில் ஒளிந்திருப்பதெல்லாம் மேலே வந்துவிடுமாம். செத்த ஏரியில் எடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று அவன் கேட்கிறானாம். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதவில்லை. "என்ன மாமா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டிருந்தாய்.

அந்தக் கேள்விக்கு இரண்டு விரலால் பதில் தட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏரி சாகவில்லை. நீ பார்த்தது மாசி மாதத்து ஏரி. ஆண்டின் பன்னிரண்டு மாதத்தில் அது மிக ஒடுங்கிக் கிடக்கும் வேளையில் போய்ப் பார்த்துவிட்டு, அதுதான் ஏரி என்று முடிவு கட்டிவிட்டாய்.

நீ தூண்டில் பற்றிப் பார்க்கும் காணொளிகளில் பாதி அமெரிக்காக்காரர்களுடையவை என்று எனக்குத் தெரியும். இலையுதிர் காலம் வந்தால் 'ஷாட்' என்னும் பொடிமீன் ஏரி நடுவிலிருந்து ஓடை வாய்களுக்கு நகரும், பெரிய மீன் அதன் பின்னால் போகும் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. அங்கே பருவத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் குளிர். கடுங்குளிர் தாக்கினால் அந்த ஷாட்டில் ஒரு வகை கூட்டங்கூட்டமாகச் செத்து மிதப்பதும் உண்டு. நம் ஜொகூரில் ஏரித் தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இங்கே மீனுக்குப் பருவம் என்றால் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும்தான். அதைத் தெரிந்துகொள்ள நீ புத்தகம் தேட வேண்டாம். நம் வீட்டுப் பண்டிகைகளை வரிசையாக நினைத்துக்கொண்டால் போதும்.

தீபாவளியிலிருந்து தொடங்குவோம். ஐப்பசியில் மாலை தவறாமல் இடி இடித்து மழை பெய்யும். நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும். டிசம்பர், சனவரியில் மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். நம் குளுவாங் பக்கத்து ஆறுகளும் பெருகும். மாச்சாப், செம்புரோங், பெக்கோக் நீர்த்தேக்கங்கள் வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்கவும் குடிநீர் தரவும் கட்டப்பட்டவை. மழைத் தண்ணீர் அங்கே வந்து நிற்கும்போது மட்டம் ஏறி, கரையோரத்துப் புல்லும் செடியும் மூழ்கிவிடும். நமக்கு அது நனைந்த புல். மீனுக்கு அதுதான் பிரசவ அறை.

செலுவாங் கூட்டமாக அங்கே வந்து நீர்ச்செடிகளுக்கிடையே முட்டையைச் சிதறவிட்டுப் போய்விடும். ஓரிரண்டு நாளில் குஞ்சு வெளிவந்துவிடும். செப்பாட் அப்படியில்லை. ஆண் மீன் வாயால் காற்றுக் குமிழி ஊதி, நுரையால் ஒரு கூடு கட்டி, அதில் முட்டையை வைத்துக் காவல் காக்கும். விரால் இனத்து ஹாருவானும் தோமானும் அதற்கும் மேல். தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே சுற்றி வரும். குஞ்சுகள் காற்று வாங்க ஒன்றாக மேலே வரும்போது, செம்மண் நிறத்தில் ஒரு பிடி தண்ணீர் கொதிப்பது போல இருக்கும். உன் நண்பர்கள் அந்த இடத்தைப் பார்த்துத்தான் செயற்கை இரையை வீசுவார்கள், தாய் மீன் கோபத்தில் கவ்வும் என்று தெரிந்து. அப்படி ஒரு தாயைத் தூக்கிவிட்டால் அதன் காவலில் இருந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளைச் சுற்றியிருக்கும் மீன்கள் சிறிது நேரத்தில் தின்று தீர்த்துவிடும். ஒரு மீன் பிடித்ததாக நீ கணக்கு வைப்பாய். ஏரி வேறு கணக்கு வைக்கும்.

புயு மீனைத் தெரியுமல்லவா? தமிழ்நாட்டில் அதைப் பனையேறிக் கெண்டை என்பார்கள். மழை வலுத்தால் செவுளை ஊன்றி ஊன்றி ஈரத் தரையில் நகர்ந்து அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். 1791இல் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்களின் பணியில் இருந்த டால்டார்ஃப் என்னும் லெப்டினன்ட், பனைமரத்துப் பட்டையின் வெடிப்பில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அந்தச் செய்தி 1797இல் லண்டன் அறிஞர்கள் வரை போனது. மரம் ஏறுமா ஏறாதா என்று அவர்கள் நெடுநாள் வாதாடினார்கள். நம் சனங்களோ அதற்கு முன்பே பெயரிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு பருவக் குறிப்பு இருக்கிறது: மழை வந்தால் இந்த மீன் இடம் மாறும்.

அடுத்தது பொங்கல். மழை அடித்துக்கொண்டு வந்த மண் மெல்லப் படியும். அதோடு வந்த சத்தினால் தண்ணீர் இளம்பச்சை ஆகும். கண்ணுக்குத் தெரியாத பாசியும், அதைத் தின்னும் மிதவைச் சிற்றுயிர்களும் பெருகும். குஞ்சு மீனின் வாய்க்குப் பொருந்திய தீனி அதுதான். முட்டை பொரிப்பதும் தீனி பெருகுவதும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால்தான் இவ்வளவு சிறிய உயிர் பிழைக்கிறது. பொங்கல் நாளில் மாச்சாப் கரையில் நின்றிருந்தால் ஊசி ஊசியாகப் பொடிமீன் கூட்டம் காலருகே திரும்பித் திரும்பி மின்னுவதைப் பார்த்திருப்பாய். அந்த வேளையில் நீ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய்.

தைப்பூசம் கழிந்தால் வானம் வெளுக்கும். சீனப் பெருநாள் வெயில் என்று ரப்பர்த் தோட்டத்தில் சொல்வோம். பால்மரம் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும், பால் குறையும். ஏரியிலும் அதுதான் நடக்கிறது. மட்டம் இறங்கும். புல்லுக்குள் இருந்த பொடிமீன்கள் மறைவிடம் இழந்து வெளிக்கு வரும். சிறிய இடத்துக்குள் நெருங்கும். கொக்கும் மீன்கொத்தியும், தோமான், செபராவ் போன்ற பெரிய மீன்களும் வயிறு நிறையத் தின்னும் நாட்கள் அவை. தப்பியவை ஆழத்துக்குப் போய்விடும். மாசி, பங்குனியில் கரையில் நிற்பவன் கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். நீ நின்றது அப்போது.

சித்திரை பிறந்ததும் மாலையில் மறுபடி இடி கேட்கும். ஏப்ரல், மே மழையில் மட்டம் கொஞ்சம் ஏறி, இரண்டாவது முறையாகச் சில மீன்கள் முட்டையிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று, இரண்டாவது வறட்சி, சில ஆண்டுகளில் அதன் பின்னாலேயே புகைமூட்டமும் வரும். பிறகு மறுபடி ஐப்பசியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். நம் ஏரியின் ஆண்டு இவ்வளவுதான்.

இப்போது எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ கணக்கில் கெட்டிக்காரன். உனக்கு எளிதில் விளங்கும். ஒரு சோடி ஹாருவான் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அவை எல்லாம் பிழைத்து வளர்ந்தால் சில ஆண்டுகளில் மாச்சாப்பில் தண்ணீருக்கு இடமிருக்காது. அந்தச் சோடியின் ஆயுளில் இரண்டே இரண்டு குஞ்சு வளர்ந்து பெற்றோரின் இடத்தை நிரப்பினால் போதும், ஏரியில் ஹாருவான் குறையாது. மீதி எல்லாம் அடுத்தவர் பசிக்குப் போகப் பிறந்தவை. ஆகவே மழை முடிந்த நாளிலிருந்து பொடிமீனின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டேதான் வரும். அந்த இறக்கம் நோயின் அடையாளம் இல்லை. கார்த்திகையில் எண்ணியதையும் மாசியில் எண்ணியதையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொல்வது, காலையில் நிழல் நீளமாக இருந்தது, நண்பகலில் குட்டையாகிவிட்டது, மரம் தேய்கிறது என்று சொல்வது போல. இந்த மாசியை ஒப்பிட வேண்டியது போன மாசியோடு.

நான் இதை எப்படிக் கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்குக் கூட இது தெரியாது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். லயத்துக்குப் பின்னால், பால்மரத்துக்கு நடுவே, தனித்துக் கிடந்த குட்டை ஒன்று. மழைக் காலத்தில் அதில் செப்பாட்டும் புயுவும் செலுவாங்கும் நிறைந்திருக்கும். ஒரு வெயில் காலத்தில் தண்ணீர் இடுப்பளவு ஆனது. நாலு நாள் தூண்டில் போட்டோம், ஒன்றும் கடிக்கவில்லை. குட்டை காலி என்று நாங்களே முடிவு கட்டினோம். கூட இருந்த ஒருவன் தூபா வேர் கொண்டுவந்தான். கல்லில் வைத்து நசுக்கி, வெள்ளைப் பாலைத் தண்ணீரில் கலந்தோம். அந்தப் பாலில் இருக்கும் நஞ்சு, மூச்சில் வந்த காற்றை உடம்பு பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். மீன் தண்ணீருக்குள்ளேயே திணறிச் சாகும்.

சிறிது நேரத்தில் காலி என்று நாங்கள் சொன்ன குட்டையிலிருந்து மீன்கள் மேலே வரத் தொடங்கின. முதலில் விரல் நீளச் செலுவாங். பிறகு வயிறு பருத்த செப்பாட். கடைசியில், எங்களில் யாரும் அங்கே இருப்பதாக நினைத்தே பாராத ஒரு பெரிய ஹாருவான். இரண்டு வாளி நிறைந்தது. மீதியை அள்ளக்கூட எங்களுக்குக் கை போதவில்லை. மறுநாள் நாற்றம் லயம் வரை வந்தது. என் அப்பா, அதாவது உன் தாத்தா, என்னை அடிக்கவில்லை. குட்டைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இதுங்கதான்டா மழைக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தீபாவளிக்கு நல்ல மழை. குட்டை நிறைந்தது. புல் மூழ்கியது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சுக் கூட்டமும் தெரியவில்லை. கொசுப்புழு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. ஆற்றோடு சேராத குட்டை. மீன் எங்கிருந்து வரும்? அந்தத் தீபாவளியை நான் இன்னும் மறக்கவில்லை.

உன் நண்பன் சொல்வதை இப்போது இதோடு வைத்துப் பார். மாசியில் ஆழத்தில் ஒளிந்திருப்பவை எவை? கொக்குக்கும் தோமானுக்கும் வெயிலுக்கும் தப்பியவை. சித்திரை மழைக்கு முட்டையிடப் போகிறவை. பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாத குடியில் பிறந்தவர்கள் நாம். அந்த மீன்கள்தான் ஏரியின் விதைநெல். தண்ணீர் குறைவாக, மீன் எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்கும் இந்த வேளையில் கரண்டு வைப்பதைப் போல ஏரிக்குப் பெரிய கேடு எதுவும் இல்லை. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் வைத்து மீன் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. ஈரத்தில் நின்று கம்பியைப் பிடிப்பவனின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் சட்டத்துக்கும் சாவுக்கும் பயந்து மட்டும் நீ விலகினால் எனக்குப் போதாது. காரணம் தெரிந்து விலக வேண்டும்.

உன் நண்பன் ஒரு கேள்வி கேட்கலாம்: "ஊரில் கண்மாய் வற்றினால் எல்லாரும் இறங்கி எல்லா மீனையும் பிடிக்கிறார்களே?" கேட்க வேண்டிய கேள்விதான். உன் கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்தவர். அங்கே கோடையில் கண்மாய் அடிமட்டம் தெரியும் வேளையில் ஊரைக் கூட்டி மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள்; ஊத்தாவும் வலையுமாகப் பல ஊர்ச் சனம் ஒரே நேரத்தில் இறங்கும். இன்றைக்கும் நடக்கிறது. அங்கே அது பொருந்தும். கண்மாய் எப்படியும் காய்ந்துவிடும். பிடிக்காவிட்டாலும் பெரும்பாலான மீன் வெயிலில் சாகும். விராலும் பனையேறிக் கெண்டையும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து சில காலம் தாக்குப்பிடிக்கும். ஐப்பசியில் மழை பெய்து வரத்துக் கால்வாய் ஓடினால் மேலிருந்து புது மீன் வரும். நமக்கு ஜொகூரில் மழை தரும் அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கேயும் கண்மாயை நிரப்புகிறது. ஆனால் இங்கே ஏரி முழுக்கக் காய்வதில்லை. இருக்கும் தண்ணீருக்குள்ளேயே தாய் மீன் கோடையைக் கழிக்கிறது. அதைத் துடைத்து எடுத்துவிட்டால் இந்த ஏரிக்கு வேறு கால்வாயிலிருந்து விதை வந்து சேரும் என்று நம்பி இருக்க முடியாது. காற்று ஒன்று, தண்ணீரின் பழக்கம் இரண்டு ஊரிலும் வேறு.

"பொடிமீன் போனால் போகட்டும், பெரிய மீன் இருந்தால் போதும்" என்றும் சிலர் பேசுவார்கள். நீ பிறந்தபோது உன் அம்மாவுக்குக் காயம் ஆற ஹாருவான் சாறு வைத்துக் கொடுத்தோம். அந்த ஹாருவான் எதைத் தின்று வளர்ந்தது என்று நினைக்கிறாய்? மனிதர்களும் பொடிமீனை நம்பி வாழ்வது உண்டு. கம்போடியாவில் தொன்லே சாப் என்ற பெரிய ஏரி இருக்கிறது. மழைக் காலத்தில் மேக்கோங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியே ஓட வேண்டிய ஆற்றையே திருப்பி உள்ளே தள்ளும். ஏரி பல மடங்கு விரிந்து காட்டுக்குள் புகும். அந்த மூழ்கிய காட்டில் வளர்ந்த 'ரியெல்' என்ற சிறு கெண்டை, டிசம்பர், சனவரியில் தண்ணீர் திரும்பும்போது கூட்டமாக வெளியேறும். அதைப் பிடித்து உப்பிட்டுப் 'பிரஹோக்' என்று ஆண்டு முழுக்க வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் நாணயத்துக்கும் ரியெல் என்றுதான் பெயர். மீனின் பெயரே பணத்துக்கு வந்தது என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். ஒரு நாட்டுச் சனத்தின் சோறு, விரல் நீள மீனையும் வெள்ளத்தின் ஏற்ற இறக்கத்தையும் நம்பி இருக்கிறது.

எதிர்ப்புறமும் ஒரு பாடம் உண்டு. பனாமாவில் காத்துன் ஏரிக்குள் 1960களின் இறுதியில் பீக்காக் பாஸ் புகுந்தது. தூண்டில்காரர்கள் ஆசைப்படும் மீன். நம் நாட்டு ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் ஏரிகளிலும் இப்போது இருப்பதுதான். சில ஆண்டுகளில் அங்கிருந்த பொடிமீன்களைத் தின்று குறைத்துவிட்டது. அவற்றை நம்பியிருந்த நீர்ப்பறவைகள் குறைந்தன. கொசுப்புழுவைத் தின்ன மீன் குறைந்ததால் மலேரியாக் கொசு பற்றியும் ஆய்வாளர்கள் கவலைப்பட்டார்கள். சாரெட், பெய்ன் என்ற இருவர் 1973இல் இதை எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் குட்டையில் துள்ளிய கொசுப்புழுதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு சொன்னதால் நம் ஏரிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உண்மையான நோயும் உண்டு. அதை வெயில் காலத்து மெலிவிலிருந்து பிரித்தறியத் தெரிய வேண்டும். மழை பெய்து, மட்டம் ஏறி, புல் மூழ்கி மூன்று நான்கு வாரமாகியும் எங்கும் குஞ்சுக் கூட்டம் தெரியாவிட்டால் கவலைப்படு. கைவலையில் வருவதெல்லாம் வெளியிலிருந்து வந்த திலாப்பியாவோ பண்டாராயாவோ ஆகவே இருந்தால் கவலைப்படு. விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்தால் கவலைப்படு. இரவெல்லாம் பாசி காற்றைக் குடித்துவிட்டது என்று பொருள். அந்த வேளையில் மேலே வந்து காற்று வாங்கத் தெரிந்த புயுவும் ஹாருவானும் தாங்கும். செலுவாங்கும் லம்பாமும்தான் முதலில் போகும். தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போலத் தடித்திருந்தாலும் அப்படித்தான். செம்புரோங் நீர்த்தேக்கத்தில் சுற்றியிருக்கும் செம்பனைக் காடுகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வரும் சத்து தேங்கிப் பாசி மிகுவதைப் பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்தார் உட்படப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். குஞ்சுக்குத் தீனியாகும் இளம்பச்சைக்கும் மூச்சை அடைக்கும் கடும்பச்சைக்கும் நடுவில் இருக்கும் கோட்டை, ஆண்டு முழுக்கப் பார்த்தவன் கண்தான் கண்டுபிடிக்கும்.

பருவமும் எப்போதும் சொன்ன சொல் தவறாமல் வருவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் வந்த வெள்ளத்தில் நம் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அது மழை மாதம். ஆனால் 2023 மார்ச்சில், பால்மரம் மொட்டையாக நிற்க வேண்டிய நாட்களில், யோங் பெங்கும் பத்து பகாட்டும் நீரில் கிடந்தன. மறுபக்கம், 2015 ஆகஸ்டில் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் பக்கம் முறை வைத்துக் குடிநீர் விட்டார்கள். 2016 அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இப்படிப்பட்ட ஆண்டில் முட்டையிட்ட கரை மறுவாரமே காய்ந்து போகலாம். மழைக்குக் காத்திருந்த மீன் ஒரு பருவத்தையே இழக்கலாம். மட்டம் மெல்ல இறங்கினால் குஞ்சு தண்ணீரோடு இறங்கிவிடும். சட்டென்று இறங்கினால் நுரைக்கூட்டோடு கரையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே நாட்காட்டியை மட்டும் நம்பாதே. தண்ணீரைப் பார்.

அதற்குத்தான் உனக்கு ஒரு வேலை தருகிறேன். தேர்வு முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குப் போ. தடுப்பு வேலிக்கு உள்ளே போகாதே. இடி கேட்டால் உடனே கிளம்பிவிடு. தனியாகத் தண்ணீரில் இறங்காதே. கரையில் ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொண்டு, தண்ணீர் அதிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று எழுது. ஒரு வெள்ளைத் தட்டின் நடுவில் கயிறு கட்டிக் கனத்துக்குக் கல் வைத்துத் தண்ணீரில் மெல்ல இறக்கு. தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் கயிற்றில் குறித்துக்கொள். 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் இந்த முறையால் கடலின் தெளிவை அளந்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பிறகு புல்லோரம் கைவலையைப் பத்து முறை போட்டு எடு. என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று எழுதிவிட்டு அப்படியே தண்ணீரில் விட்டுவிடு. அந்த வாரம் மழை பெய்ததா, கொக்கு எத்தனை நின்றது, தண்ணீர் என்ன நிறம் என்பதையும் சேர்த்துக்கொள். அரை மணி நேர வேலை.

ஐம்பத்திரண்டு வாரம் இப்படிச் செய்தால் மாச்சாப் கரையின் ஓர் இடத்தைப் பற்றி உன்னளவுக்குத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். இரண்டாவது ஆண்டும் தொடர்ந்தால் ஒரு மாசியை இன்னொரு மாசியோடு வைத்துப் பேசும் தகுதி உனக்கு வரும். அதன் பிறகு "ஏரி மெலிகிறது" என்று நீ சொன்னால், மீன்வள இலாகா அதிகாரியின் முன்னாலும் ஆய்வாளரின் முன்னாலும் அந்தப் புத்தகத்தை வைக்கலாம். இதையே படிப்பாக எடுக்க உனக்கு ஆசை வந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு இல்லை. நெகிரி செம்பிலானில் குளாமி லெமியில் நன்னீர் மீன்களுக்கென்றே ஆய்வு நிலையம் இருக்கிறது. ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். வேறு எந்த வேலைக்குப் போனாலும் இந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதே.

தூண்டிலையும் நான் விடச் சொல்லவில்லை. சாப்பிடும் அளவுக்குப் பிடி. குஞ்சோடு இருக்கும் தாயை விட்டுவிடு. புல் மூழ்கியிருக்கும் மழை வாரங்களில் பொடிக்கண் வலையைக் கரையோரம் போடாதே. உன் நண்பனிடம் பேட்டரியை மோட்டார் சைக்கிளில் மாட்டச் சொல்லிவிட்டு, வாரம் ஒரு நாள் உன்னோடு கூட்டிக்கொண்டு வா. அவன் கெட்ட பிள்ளை இல்லை. பதினான்கு வயதில் நானும் அவனைப் போலத்தான் நம்பினேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுவாரம் நான் அங்கே வருகிறேன். பசியாறிவிட்டு விடியலிலேயே கிளம்பி, புல் மூழ்கிய கரையில் நாம் இருவரும் நிற்போம். அதுவரை அந்த ஏரியைப் பற்றி எந்தத் தீர்ப்பும் வேண்டாம். இந்த வாரமே போய் நோட்டின் முதல் வரியை எழுது: தேதி போடு, மட்டம் குறைவு என்று எழுது, பொடிமீன் காணவில்லை என்று எழுது. இல்லை என்று எழுதாதே.

அன்புடன்,
மாமா